கோப்பு எந்த மெஷின்?

மார்ச் 3, திங்கள்

இன்று முதல் நாட்குறிப்பு எழுதவேண்டும் என்று உத்தரவு. எங்கள் ஆபீஸை நடத்தும் ஜெயக்கொடி மேடம் புது நோட்டு ஒன்றை மேஜையில் வைத்தார்.

"பாண்டிண்ணே, நெட்வொர்க்ல எதை மாத்துனாலும் அன்னன்னைக்கு இதுல எழுதிருங்க. நாளைக்கு நீங்க இல்லேன்னாலும் யாராச்சும் படிச்சுப் புரிஞ்சுக்கணும்."

நாளைக்கு நான் எங்கே போகிறேன் என்று கேட்கவில்லை. அவரிடம் ஏற்கெனவே திட்டம் இருக்கலாம். வரும் வழியில் எனக்கென்று இன்னொரு நோட்டு வாங்கினேன். ஆபீஸ் நோட்டில் நான் என்ன செய்தேன் என்று இருக்கும். இதில் ஏன் செய்தேன் என்று இருக்கும். அல்லது இருக்காது.

நெய்தல் ஷிப்பிங் தூத்துக்குடி பீச் ரோட்டில் ஒரு மாடி ஆபீஸ். சரக்கு அனுப்புகிறவருக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் காகிதம் சுமப்பது எங்கள் தொழில். பதினாலு கம்ப்யூட்டர், மூன்று பிரிண்டர், எல்லாருடைய ஃபைலும் கிடக்கிற ஒரு சர்வர். பத்தொன்பது வருடத்துக்கு முன் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தவன் நான். ஒருநாள் பிரிண்டரில் காகிதம் சிக்கியபோது மூடியைத் திறந்து பார்த்த ஒரே ஆள் நான் என்பதால் கம்ப்யூட்டர் நிபுணன் ஆகிவிட்டேன்.

போன மாதம் ரூட்டர் புகைந்தது. புதிதாக வந்தது எல்லா மெஷினுக்கும் தன் இஷ்டத்துக்கு வேறு நம்பர் கொடுத்துவிட்டது. சர்வருக்கு என்ன நம்பர், பிரிண்டருக்கு என்ன நம்பர் என்று தெரியாமல் அரை நாள் ஆபீஸே நின்றது. எனக்கு மட்டும் தெரியும், புது நம்பரும் பார்த்தவுடன் மனப்பாடம். அன்று மட்டும் நாற்பத்தோரு அழைப்பு. நான் எண்ணவில்லை, போன் காட்டியது.

மேடத்துக்கு அது பிடிக்கவில்லை. "நம்பரை யாரும் ஞாபகம் வச்சுக்க வேண்டாம். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பேரு. பேரை அடிச்சா அதுவே நம்பரைக் கண்டுபிடிச்சுப் போகணும். அப்படி ஒரு ஏற்பாடு இருக்குல்ல?"

இருக்கிறது. பத்து வருடமாக எனக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

பெயர் வைக்கும் விழா. பிள்ளைக்குப் பெயர் வைக்கக்கூட இத்தனை பேர் வரமாட்டார்கள்.

மீன் பெயர் வைக்கலாம் என்றாள் ஜெனிட்டா. டாக்குமெண்ட் பிரிவில் எட்டு வருடமாக இருக்கிறாள், திரேஸ்புரத்துப் பெண். சீலா, பாரை, விளமீன், நெத்திலி என்று விரல்விட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். கணக்குப் பிரிவு குற்றாலிங்கம் பிள்ளை எழுந்துவிட்டார்.

"எம்மா, நான் சைவம். எம் மெஷினுக்கு நெத்திலின்னு பேரு வச்சா வீட்டுல போய் நான் என்னன்னு சொல்லுவேன்?"

"வீட்டுல எதுக்குய்யா சொல்லுதீங்க?"

"கேட்டா சொல்லணும்லா."

அவர் சாமி பெயர்களை முன்மொழிந்தார். 'முருகன் ஹேங் ஆயிட்டாரு, பிள்ளையாரை அணைச்சுட்டுப் போடுங்க' என்று தினமும் சொல்லவேண்டி வரும் என்றேன். பிள்ளை கன்னத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

கடைசியில் மேடம், என்ன வேலை செய்கிறதோ அதுவே பெயர் என்று முடித்தார். கணக்கு. வாசல் பிரிண்டர். மாடி பிரிண்டர். எல்லாரும் பொதுவாகத் திறக்கும் சர்வருக்கு என்ன பெயர் என்று கேட்டபோது 'கோப்பு' என்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எல்லாருக்கும் பிடித்துப்போனது. ஆங்கில எழுத்தில் 'kopu' என்று அடிக்கவேண்டும். பிள்ளைக்கு மட்டும் 'koppu' என்பதுதான் சரி. இலக்கணப்படி அவர் சொல்வது சரி. கம்ப்யூட்டர் இலக்கணம் படிக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

மூலையில் தூசி தின்றுகொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் துடைத்து எடுத்தேன். இனி இதுதான் பெயர் சொல்லும் மெஷின். 'கோப்பு எங்கே?' என்று யார் கேட்டாலும் 'இந்த நம்பரில்' என்று பதில் சொல்லும். அதாவது நான் பத்தொன்பது வருடமாகச் செய்ததை அது மின்விசிறிச் சத்தத்தோடு செய்யும்.

காலை முழுக்கப் பட்டியலை ஏற்றி, ஜம்பமாக எல்லாரையும் கூப்பிட்டு 'கோப்பு' என்று அடிக்கச் சொன்னேன். பதின்மூன்று மெஷினில் திறக்கவில்லை. காரணம், பெயர் தெரியாவிட்டால் யாரைக் கேட்பது என்று ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் சொல்கிற ரூட்டர், வெளியே இன்டர்நெட்டைக் கேள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. பீச் ரோட்டு மாடியில் உள்ள ஒரு சர்வர் எங்கே என்று உலகத்தையே விசாரித்திருக்கின்றன. உலகம் தெரியாது என்று சொல்லிவிட்டது. நியாயம்தான்.

ஜெனிட்டாவின் மெஷின் மட்டும் முதல் தடவையே திறந்தது. "பாத்தீங்களாண்ணே, எம் மெஷினுக்குத்தான் மூளை இருக்கு" என்றாள். ஒன்றாவது திறந்ததே என்று எனக்குச் சந்தோஷம். ஏன் அது மட்டும் திறந்தது என்று யோசிக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

வெளியே கேட்காதே, வீட்டில் கேள் என்று ரூட்டருக்குச் சொல்லிக் கொடுத்தேன். பிள்ளை இன்னும் இரண்டு 'p' போடுகிறார்.

மார்ச் 10, திங்கள்

பதினாலு மெஷினிலும் பெயர் வேலை செய்கிறது. பிள்ளைக்காக 'koppu' என்றும் ஒரு வரி சேர்த்தேன். மேடம் கேசரி வாங்கித் தந்தார். எல்லாரும் மானிட்டரில் ஒட்டியிருந்த நம்பர் சீட்டுகளைக் கிழித்துப் போட்டார்கள். என் கண் முன்னால், சிரித்துக்கொண்டே.

மார்ச் 12, புதன்

பழைய சர்வருக்கு வயதாகிவிட்டது என்று மேடம் ஆர்டர் கொடுத்திருந்த புது சர்வர் வந்துவிட்டது. இரண்டு நாளாக ஃபைல் எல்லாவற்றையும் அதற்கு நகலெடுத்தேன். மாலை மேடம் தவிர எல்லாரும் கிளம்பியதும், பெயர் சொல்லும் மெஷினில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். இதுவரை 'கோப்பு' என்றால் பழைய சர்வர். நாளையிலிருந்து 'கோப்பு' என்றால் புது சர்வர். மாறியதே யாருக்கும் தெரியாது. அதுதான் இந்த ஏற்பாட்டின் அழகு.

"அப்போ பழசை அணைச்சிரலாமே" என்றார் மேடம்.

"ஒரு வாரம் ஓடட்டும் மேடம். ஒரு பாதுகாப்புக்கு."

பாதுகாப்பு என்ற வார்த்தையைச் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள்.

இரவுச் சாப்பாட்டின்போது போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். கோமதி தோசையைப் போட்டுவிட்டு, "இன்னிக்கும் ஒருத்தரும் கூப்பிடலையாக்கும்?" என்று கேட்டாள்.

எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, அதனால் கூப்பிடவில்லை என்றேன்.

"சரி சரி. அதுக்கேன் மூஞ்சி அப்படி இருக்கு?"

மனைவிகளுக்கு எதற்கு இந்த மாதிரிப் பார்வை என்று தெரியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

கப்பல் போய்விட்டது. இறால் போகவில்லை.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒரு இறால் கம்பெனி. இன்று ஒரு கன்டெய்னர் நிறைய உறைந்த இறால் ஏறவேண்டும். மாலை நாலு மணிக்குள் துறைமுகத்துக்குள் நுழைந்தாகவேண்டும். நேற்று அவர்களுடைய குளிர் கன்டெய்னர் பழுதாகி, சரக்கை வேறு கன்டெய்னருக்கு மாற்றிவிட்டார்கள். மேடம்தான் போனில் கேட்டு, புது கன்டெய்னர் நம்பரை ஃபைலில் மாற்றினார். இன்று காலை ஜெனிட்டாவிடம், "கன்டெய்னர் மாறியிருக்கு, ஃபைல்ல திருத்திட்டேன். பிரிண்ட் எடுத்து துறைமுக கேட்டுக்கு அனுப்பிருங்க" என்றார். நானும் அங்கேதான் நின்றேன்.

ஜெனிட்டா பிரிண்ட் எடுத்து அனுப்பினாள். லாரி வரிசையில் நின்று மூன்றரைக்குத்தான் கேட்டை எட்டியது. அங்கே காகிதத்தில் ஒரு நம்பர், லாரி மேல் இருந்த கன்டெய்னரில் வேறு நம்பர். திருப்பி அனுப்பிவிட்டார்கள். டிரைவர் போனில் சொல்லி, இங்கே பார்த்து, சரியான காகிதம் எடுத்து, பைக்கில் கொண்டுபோய்ச் சேர்ந்தபோது நாலே கால்.

அடுத்த கப்பல் பத்து நாள் கழித்து. அப்போது வெளிநாட்டில் வாங்குகிறவருக்கு அந்தச் சரக்குத் தேவைப்படாது. இறால் கம்பெனி முதலாளி நேரிலேயே வந்து கத்தினார். "அந்தப் பொம்பளப்பிள்ளைய வச்சுக்கிட்டா எஞ் சரக்கு இனி இங்க வராது" என்றார். ஜெனிட்டா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"மேடம், நான் தொறந்த ஃபைல்ல அந்த நம்பர்தான் இருந்துச்சு. மாத்தி அடிக்க எனக்கென்ன கிறுக்கா?"

மேடம் தன் மெஷினில் ஃபைலைத் திறந்து காட்டினார். புது நம்பர் இருந்தது. பிள்ளையின் மெஷினில் திறந்தார்கள். அங்கேயும் புது நம்பர்.

"பழைய பிரிண்ட்டு ஏதாச்சும் மேஜையில கெடந்து, அதை எடுத்து அனுப்பிட்டீங்களா ஜெனிட்டா?"

"இல்ல மேடம்."

யாரும் அவள் மெஷினில் திறந்து பார்க்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மார்ச் 15, சனி

விசாரணை முடிகிறவரை ஜெனிட்டா வீட்டில் இருக்கட்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். மெஷினில் ஏதாவது கோளாறா என்று பார்க்கும் பொறுப்பு எனக்கு.

பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. மேடத்திடமும் அப்படியே சொன்னேன்.

மார்ச் 16, ஞாயிறு

பைக்கைக் கழுவினேன். செயினுக்கு எண்ணெய் விட்டேன். பரணில் இருந்த பழைய பேப்பரை இறக்கிக் கட்டினேன். குழாய் சொட்டுகிறது என்று கோமதி நாலு மாதமாகச் சொல்வதை இன்று சரிசெய்தேன். ஒரே நாளில் இத்தனை வேலை செய்த என்னைப் பார்த்து அவள் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மார்ச் 17, திங்கள்

ஜெனிட்டாவின் இருக்கை காலி. அவள் வேலையைப் பிள்ளையும் மேடமும் பிரித்துச் செய்கிறார்கள். பக்கத்து ஆபீஸ் கிளார்க் டீக்கடையில், "உங்க ஆபீஸ்ல ஒரு பொம்பளப்பிள்ள கன்டெய்னரையே மாத்தி அனுப்பிட்டாமே" என்று கேட்டான். மூன்று நாளில் துறைமுகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் ஒரு விஷயம் போய்ச்சேர எந்தப் பெயர் சொல்லும் மெஷினும் தேவையில்லை.

மார்ச் 18, செவ்வாய்

சனிக்கிழமை 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று எழுதியிருக்கிறேன். 'இருந்தது' என்று எழுதவில்லை. நான் டைப்பிஸ்ட். காலங்களில் கவனம் உண்டு.

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு சின்ன ஃபைல் இருக்கும், சட்டைப்பையில் வைத்திருக்கும் துண்டுச்சீட்டு மாதிரி. ஒரு பெயருக்கு என்ன நம்பர் என்று வெளியே கேட்பதற்கு முன் கம்ப்யூட்டர் அந்தச் சீட்டைத்தான் பார்க்கும். சீட்டில் இருந்துவிட்டால் வேறு யாரையும் கேட்காது. எவ்வளவு பெரிய ஏற்பாடு செய்து வைத்தாலும் சரி.

ஜெனிட்டாவின் மெஷினில் அந்தச் சீட்டில் ஒரு வரி இருந்தது. kopu, அதற்குப் பக்கத்தில் பழைய சர்வரின் நம்பர்.

மற்ற பதின்மூன்று மெஷினும் வியாழக்கிழமையிலிருந்து புது சர்வருக்குப் போயிருக்கின்றன. அவளுடையது மட்டும் பழையதற்கே போயிருக்கிறது. மேடம் புதியதில் திருத்தினார். அவள் பழையதைத் திறந்தாள். அதில் பழைய நம்பர் இருந்தது. அவள் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை.

அந்த வரியை யார் எழுதியது? நான்தான். நாலு வருடத்துக்கு முன், 'சர்வர் நம்பர் என்னண்ணே, சர்வர் நம்பர் என்னண்ணே' என்று அவள் காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஒருநாள் அவள் டீ குடிக்கப் போன நேரத்தில் எழுதிவைத்தேன். திரையில் ஒரு சின்னப் படத்தை வைத்து, இனிமேல் இதை அமுக்கு, போதும் என்றேன்; அதற்குப் பின்னால் இருந்த பெயர் அவளுக்கும் தெரியாது. யாரிடமும் சொல்லவில்லை, எங்கும் குறித்துவைக்கவில்லை. அந்தப் பெயர் என் நாக்கு நுனியில் எப்படி வந்தது என்று இப்போது தெரிகிறது. ரூட்டர் மாறியபோதுகூட சர்வருக்கு மட்டும் பழைய நம்பரையே நான் திரும்பப் போட்டதால் அந்த வரி தொடர்ந்து வேலை செய்திருக்கிறது.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அந்த வரியைக் கண்டேன். ஒன்பது முப்பத்தொன்றுக்கு அழித்தேன். அதன்பிறகு மெஷின் சரியாக இருக்கிறது. மேடத்திடம் பொய் எதுவும் சொல்லவில்லை. இந்த வாக்கியத்தை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். எழுதியவனை எனக்கே பிடிக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

பழைய சர்வரைத் துடைத்து அழிக்கும் நாள் நாளை. எந்த மெஷின் எந்த ஃபைலை எத்தனை மணிக்குத் திறந்தது என்று அது எழுதிவைத்திருக்கும். அழித்துவிட்டால் அதுவும் போய்விடும். ஒரு வாரம் ஓடட்டும் என்று நான்தானே சொன்னேன். ஒரு வாரம் ஆகிவிட்டது.

மார்ச் 21, வெள்ளி

அழிக்கவில்லை. வேலை அதிகம்.

வேலை ஒன்றும் இல்லை.

மார்ச் 22, சனி

இனி கூப்பிடமாட்டார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, ஜெனிட்டா தன் சாமான்களை எடுத்துப்போக வந்தாள். டிபன் பாக்ஸ், நாற்காலியில் போடும் குஷன், மாதா படம் ஒன்று. மேடம் ஊரில் இல்லை. பிள்ளை எங்கோ கிளம்புகிறவர் மாதிரி ஃபைலைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

"அண்ணே, எம் மெஷினைப் பாத்தீங்களாமே."

"பாத்தேம்மா."

"ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமில்ல."

அவள் குஷனைப் பையில் திணித்துக்கொண்டே சொன்னாள்: "நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன்ணே. நீங்களே ஒண்ணுமில்லன்னு சொன்னா அப்புறம் எம்மேலதான் ஏதோ இருக்கு. புதன்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நம்பரை மாத்தி வாசிக்குதேனோன்னு ஒரு பயம். மருந்து ஊத்தி ரெண்டு மணி நேரம் உக்கார வச்சாங்க. கண்ணுல ஒரு குறையும் இல்லங்காரு டாக்டர். அப்போ தலையிலதான் ஏதோன்னு எங்கம்மா நரம்பு டாக்டர்ட்ட போகச் சொல்லுதா."

நான் ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். 'பையைக் கீழே வரைக்கும் தூக்கிட்டு வரவா?' என்று கேட்டேன். பத்தொன்பது வருட அனுபவத்தில் எனக்குக் கிடைத்த வார்த்தை அதுதான்.

"வேண்டாம்ணே. நீங்க பாத்துச் சொன்னதே போதும்" என்று போய்விட்டாள். நன்றியோடுதான் சொன்னாள். கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்குப் பழக்கமான பாஷை அது.

மார்ச் 23, ஞாயிறு

கோமதியிடம் சொல்லிவிட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள்.

"அந்தப் பிள்ளைட்ட சொல்லிட்டியளா?"

"இல்ல."

"பின்ன எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? கண் ஆஸ்பத்திரிக்கு நானா போனேன்?"

சாம்பாரில் உப்பு இல்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

காலை மேடம் வந்து உட்கார்ந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். பழைய சர்வரின் பதிவைப் பிரிண்ட் எடுத்து முன்னால் வைத்தேன். மார்ச் 14, காலை 10:52, ஜெனிட்டாவின் மெஷின், இறால் கம்பெனி ஃபைல். பிறகு அந்த வரியைப் பற்றிச் சொன்னேன். நான் எழுதியது, நான் அழித்தது இரண்டையும்.

மேடம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இது எப்போ தெரியும் உங்களுக்கு?"

"முந்தின சனிக்கெழம. பதினஞ்சாந்தேதி."

"நான் பாக்கச் சொன்ன அன்னைக்கேவா?"

"ஆமா மேடம்."

"அன்னைக்கே தெரிஞ்சு, அழிச்சுட்டு, எங்கிட்ட வந்து எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னீங்க."

தலையை ஆட்டினேன். வரி தவறுதலாக விட்டுப்போனது என்று அவர் என்னை மன்னிக்கத் தயாராகத்தான் இருந்திருப்பார். நாலு வருடத்துக்கு முன் போட்டதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? ஆனால் அவர் அந்த நாலு வருடத்தைக் கேட்கவே இல்லை. ஒன்பது நாளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"உங்களை இன்னைக்கே போங்கன்னு சொல்லணும்போல இருக்கு பாண்டிண்ணே. ஆனா சொல்ல முடியல. இந்த ஆபீஸ்ல எது எங்க இருக்குன்னு உங்க ஒருத்தர் தலைக்குள்ளதான் இருக்கு. அதை நெனச்சாத்தான் எனக்கு இன்னும் கோபம் வருது."

என் வேலை போகாததற்குக் காரணம் என் திறமை என்று இதுவரை நினைத்திருந்தேன். இன்று சரியான காரணம் தெரிந்தது.

பிறகு என் எதிரிலேயே இறால் கம்பெனி முதலாளிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, "நீங்களே சொல்லுங்க" என்றார். சொன்னேன். அவர் சொன்ன பதிலை எழுத இந்த நோட்டு ஏற்றதல்ல. கடைசியில் மட்டும், "அந்தப் பிள்ளைய நான் ஆபீஸ்ல வச்சு அத்தன பேர் முன்னால பேசிட்டேனய்யா" என்றார். சரக்கு தொடர்ந்து வருமா என்று அவரும் சொல்லவில்லை, மேடமும் கேட்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

திரேஸ்புரம். மேடம் கூட வருவார் என்று நினைத்தேன். "நீங்க மட்டும் போங்க" என்றார்.

ஜெனிட்டாவின் அம்மா கதவைத் திறந்தார். "வாங்க தம்பி, உக்காருங்க. நீங்கதான் மெஷினைப் பாத்த தம்பியா? இவ உங்களைத்தான் அடிக்கடி சொல்லுவா" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ போடட்டுமா என்றார். நின்றுகொண்டே சொல்லிவிட நினைத்தேன், ஆனால் டீ வந்துவிட்டது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

எல்லாம் முடிந்ததும் ஜெனிட்டா, "அப்போ நான் தொறந்த ஃபைல்ல பழைய நம்பர்தான் இருந்துச்சு" என்றாள்.

"ஆமாம்மா."

"நான் சரியாத்தான் வாசிச்சேன்."

"ஆமா."

அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியாம்மா?" அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த ஒரு கணம் அவர்கள் இருவருக்கும் நடுவில் நான் இல்லை. நரம்பு டாக்டரின் சீட்டு ஒன்று ஜன்னல் கம்பியில் செருகியிருந்தது. ஜெனிட்டா அதை எடுத்துக் கிழித்து ஜன்னலுக்கு வெளியே போட்டாள்.

பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். "சனிக்கெழம நான் வந்து கேட்டேன்லா. அப்போவும் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"கண் ஆஸ்பத்திரிக்குப் போனதைச் சொன்னேன். கேட்டுக்கிட்டு நின்னீங்க."

"ஆமா."

"எட்டு வருஷத்துல ஒரு தேதி, ஒரு நம்பர் நான் தப்பா அடிச்சதில்ல. துறைமுகத்துல எல்லாருக்கும் தெரியும். இப்போ வேலைக்குன்னு நாலு ஆபீஸ்ல கேட்டேன். நாலு பேரும், ஓ அந்தக் கன்டெய்னரா, அப்படின்னு சிரிச்சாங்க." குரல் உயரவே இல்லை. "மன்னிச்சிருங்கன்னு சொல்லிறாதீங்க. எனக்கு இப்போ அது வராது. ஆபீஸ்ல எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. அந்த இறால்காரரும் இருக்கணும். அவரு கத்துனது எல்லார் முன்னாலதான்."

சரி என்றேன். டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வருவது மரியாதையா, குடித்துவிட்டு வருவது மரியாதையா என்று தெரியவில்லை. குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

மார்ச் 27, வியாழன்

சொன்னேன். ஆபீஸ் ஆட்கள் எல்லாரும், மேடம், இறால் கம்பெனி முதலாளி. ஜெனிட்டா வாசலுக்குப் பக்கத்தில் நின்றாள். மூன்று நிமிடம்தான் ஆகியிருக்கும். குற்றாலிங்கம் பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

முதலாளி ஜெனிட்டாவிடம் நேராகப் போய், "தப்பு எம்மேலயும்தாம்மா. கேக்காமக் கொள்ளாமக் கத்திட்டேன்" என்றார். "அடுத்த சரக்கு காகிதம் நீதான் போடணும்." அவள் திரும்பி மேடத்தைப் பார்த்தாள்.

"மேடம், நான் வாரேன். ஆனா நான் உக்காருற மெஷினுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும். அந்தப் பேர் சொல்லுத மெஷினுக்கும் பாஸ்வேர்டு எங்கிட்டயும் இருக்கணும். இன்னொருக்க இவங்க பாத்துச் சொல்லுததை நம்பிக்கிட்டு நான் இருக்கமாட்டேன்."

மேடம் என்னைப் பார்க்கக்கூட இல்லை. "நெட்வொர்க் பொறுப்பே இனி உங்ககிட்டதான் ஜெனிட்டா. பாண்டிண்ணே கத்துக்கொடுப்பாரு" என்றார்.

பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து எனக்கே படிக்க முடியாதபடி இருந்தது. அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எட்டா, மூணா?" என்று கேட்டாள். எட்டு என்றேன். அவள் அதை அடித்துப் பார்த்த பிறகுதான் நம்பினாள்.

மார்ச் 28, வெள்ளி

இன்று முழுக்க ஜெனிட்டாவும் நானும் மேஜை மேஜையாகப் போனோம். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அந்தத் துண்டுச்சீட்டு ஃபைலைத் திறப்பது, நான் வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் எழுதிவைத்த வரி இருக்கிறதா என்று பார்ப்பது. நான் திறப்பேன். அவள் படித்து நோட்டில் எழுதுவாள். பிறகு அந்த இருக்கைக்காரரிடம், எப்போது, ஏன் எழுதினேன் என்று நான் சொல்லவேண்டும். இது அவள் போட்ட விதி.

ஒன்றிரண்டு இருக்கும் என்று நினைத்தேன். மத்தியானத்துக்குள் ஆறு மெஷினில் கிடைத்தது. பிள்ளையின் மெஷினில் மட்டும் மூன்று வரி.

"எம் மெஷின்லயுமா வே?" என்றார் அவர். "நம்ம மெஷின்னு நெனச்சுல்லா உக்காந்துருந்தேன்."

"மாடி பிரிண்டர் வரலன்னு சொன்னீங்கல்லா, அதுக்குப் போட்டது."

"அது எப்போ?"

"ரெண்டாயிரத்துப் பத்தொம்பதுல."

"போட்டேன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

சொல்லியிருந்தால் அடுத்த தடவை அவரே போட்டுக்கொண்டிருப்பார், என்னைக் கூப்பிட்டிருக்கமாட்டார். இதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

ஒவ்வொரு வரியும் அப்போது ஓர் உதவியாகத்தான் இருந்தது. பாண்டிண்ணே வந்தாரு, ஒரு நிமிஷத்துல சரியாயிட்டு என்று ஒவ்வொருவரும் சந்தோஷப்பட்டார்கள். என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றரை மணிக்குப் பதின்மூன்று மெஷின் முடிந்தது. ஜெனிட்டா நோட்டில் கணக்குப் பார்த்தாள்.

"ஒண்ணு பாக்கி இருக்கு சார்."

எட்டு வருடமாக அண்ணே என்று கூப்பிட்டவள். காலையிலிருந்து சார்தான். அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

பாக்கி இருந்தது என்னுடைய மெஷின். நான் போய் என் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தேன். அதில் என்னென்ன இருக்கிறது என்று எனக்கே முழுசாக நினைவில்லை. அவள் பின்னால் வந்து நின்றாள். நோட்டை மேஜை மேல் வைத்தாள்.

"எந்திரிங்க சார். இதை நான் பாக்குதேன்."

பத்தொன்பது வருடத்தில் அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. எழுந்து, அவள் உட்கார வசதியாக நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக் கொடுத்தேன். அவள் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்று, அவள் கேட்கக் கேட்கப் பதில் சொன்னேன்.